மொட்டை மாடித் தோட்டம்: ஞாயிறு காலை வேலை

எல்லோருக்கும் வணக்கம். மழை ஓய்ந்து பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. வரும் ஞாயிறு (டிசம்பர் 7) காலை 7 மணிக்கு பி பிளாக் மாடியில் கூடுவோம். 9 மணிக்குள் முடித்துவிடலாம்.

1. குண்டுமல்லிக்குக் கவாத்து. தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே இருப்பதை வெட்ட வேண்டும். போன வருஷம் பாவம் பார்த்து நுனியை மட்டும் கிள்ளினோம். சித்திரையில் வெறும் இலைதான். இந்த முறை இரக்கம் வேண்டாம்.

2. செம்பருத்தி மொட்டுக் காம்பில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக இருப்பது மாவுப்பூச்சி. பழைய டூத்பிரஷ் கொண்டு வாருங்கள், தேய்த்து எடுக்க. பிறகு 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளிப்போம்.

3. தொட்டிகளின் அடித்துளை அடைத்திருந்தால் குச்சியால் குத்திவிடவும்.

4. முள்ளங்கி, பீட்ரூட் விதை வாங்கியாயிற்று.

5. தண்ணீர் இனி காலையில் மட்டும். சாயங்காலம் ஊற்றினால் ராத்திரி முழுக்க ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும்.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் வீட்டு எண்ணோடு பதில் போடுங்கள். வெறும் கட்டைவிரல் கணக்கில் வராது. கவாத்துக் கத்தரி இப்போது யார் வீட்டில் இருக்கிறது?