டேப்பின் சைபர் முனை

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் பேசியது சரியில்லை. அமெரிக்காவில் நீயும் என்னைப்போல வீடு மனைக்கு விலை மதிப்பிடும் தொழிலுக்கு வர, திரையிலேயே பயிற்சி தரும் 'பரேயா' என்ற ஒன்றில் சேரட்டுமா என்று கேட்டாய். "வீட்டுக்குள்ளே காலே வைக்காமல் வீட்டுக்கு விலை போடக் கற்றுக்கொடுப்பார்களாமா?" என்று சிரித்துவிட்டேன். நீ "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். உன் அம்மா அன்றிலிருந்து எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குப் போனில் கோர்வையாக வராது, அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பியதையெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். அடிப்படைப் படிப்பு முடித்தால் பயிலுநர். லைசென்ஸ் வாங்க மேற்கொண்டு படிப்பும், 6 மாதத்துக்குக் குறையாமல் 1,000 மணி நேர அனுபவமும் வேண்டும். படிப்பு உனக்கு ஒரு பொருட்டில்லை. அந்த 1,000 மணி நேரத்துக்கு, சான்று பெற்று 3 வருடமாவது ஆன ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டுமே, வண்டி நிற்கிற இடம் அதுதான். நீ எத்தனையோ பேருக்கு எழுதியும் ஒருவரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்றாய். எப்படிச் சேர்ப்பார்கள்? நீ செய்கிற தப்புக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கற்றுக்கொண்டபின் நீ அதே ஊரில் போட்டிக்கு நிற்பாய். மகனோ மருமகனோ என்றால் சேர்ப்பார்கள். அங்கே இந்தத் தொழிலில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டு. 2009இல் டிப்ளமோ முடித்த பையன் ஒருவன் நம் வீட்டு வாசலில் மூன்று நாள் வந்து நின்றான், உனக்கு நினைவிருக்கும். "இப்போ ஆள் தேவையில்லை தம்பி" என்று அனுப்பிவிட்டேன். தேவை இருந்தது. அவன் கெட்டிக்காரன் என்று முதல் நாளே தெரிந்துவிட்டதுதான் காரணம்.

சரி, என் பழைய கதைக்கு வருகிறேன். நான் தொழில் கற்றது ஒரு பெரியவரிடம். இரண்டு வருடம் சம்பளமில்லை. டேப்பின் சைபர் முனையை, அதாவது அளவு தொடங்கும் நுனியை, பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. அளவைப் படிப்பது அவர், எழுதுவது அவர். ஒரு நாள் காலிங்கராயன் வாய்க்கால் பக்கம் ஒரு வீடு. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் சுத்தம். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர். நான் மனதுக்குள்ளேயே விலை போட்டுவிட்டேன். அவர் பேசாமல் கொல்லைக்குப் போய்க் கிணற்றில் வாளியை விட்டார். நீரை ஒரு சில்வர் செம்பில் ஊற்றி வெயிலில் சாய்த்துக் காட்டினார். தேநீர் வடிகட்டியதுபோல் லேசாக ஒரு செம்மை. மேலே எங்கோ சாயப்பட்டறை. "சர்க்கார் போடற கைடுலைன் வேல்யூவில் இது இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். இதை எந்தத் திரையில் காட்டுவார்கள் என்பதுதான் ஞாயிற்றுக்கிழமை என் கேலிக்குப் பின்னால் இருந்தது.

ஆனால் அதே பெரியவரிடம் இன்னொன்றும் கற்றேன். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. ஸ்தலத்துக்குக் கிளம்புமுன் வங்கிக்குப் போன் போட்டு, "பார்ட்டிக்கு எவ்வளவு லோன் வேணும்?" என்று கேட்பார். அந்தத் தொகையிலிருந்து பின்னோக்கி வந்து விலை எழுதுவார். தொழிலே அப்படித்தான் என்று நினைத்து நானும் பல வருடம் எழுதினேன். குரு கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்கும்போது அவர் கையிலுள்ள அழுக்கும் சேர்ந்துதான் ஒட்டும்.

அது தப்பு என்று எனக்கு உறைத்தது எங்கே தெரியுமா? நான் கேலி செய்தது மாதிரியான ஒரு வகுப்பில்தான். 2017இல் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் விதிகள் வந்தபோது, இந்த வயதில் 50 மணி நேர வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பிறகு கம்ப்யூட்டரில் தேர்வு, 60 சதவீதம் எடுக்க வேண்டும், தப்பான விடைக்குக் கால் பங்கு கழிவு. முதல் தடவை தவறினேன். அம்மாவிடம் சர்வர் கோளாறு என்றேன். வாடகை வருமானத்தை வைத்து விலை காண்பதை அதுவரை வாய்ப்பாடு மாதிரிப் போட்டுக்கொண்டிருந்தேன், ஏன் அப்படி என்பது அங்கேதான் புரிந்தது.

ஆகவே கையெழுத்துப் போட ஆள் தேடும் அந்த 1,000 மணி நேரத்துக்குப் பதிலாக அந்தப் 'பரேயா'வில் சேர். 2021 முதல் அந்த நாட்டுத் தகுதி வாரியமே அனுமதித்த வழி, குறுக்கு வழி ஒன்றுமில்லை. திரையில் பாடம் என்றாலும் வழிகாட்டி ஒருவர் இருக்கிறார், மூன்று முழு அறிக்கைகளை விதிப்படி எழுதிக்கொடுத்தால்தான் முடியும் என்று போட்டிருக்கிறது. அந்த ஊர்ப் பழைய ஆட்கள் ஏளனம் செய்வார்கள். உன் அப்பனே செய்தான், அவர்கள் செய்யமாட்டார்களா? பணம் கட்டுமுன் உங்கள் மாநில வாரியத்திடம் இதை ஏற்பார்களா என்று எழுத்தில் வாங்கிவிடு. வாய்வார்த்தை வேண்டாம்.

கிணற்று நீர் சமாசாரம் மட்டும் மிச்சம். அதை நீயேதான் தேட வேண்டும். விற்பனைக்கு வைத்த வீடுகளைச் சனி ஞாயிறில் யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றாயே, வாரம் இரண்டு பார். பேஸ்மென்டில் போய் மூச்சை இழுத்துப் பார். புதுப் பெயின்ட் எந்தச் சுவரில் மட்டும் அடித்திருக்கிறது என்று பார். நீ ஒரு விலை குறித்து வைத்துக்கொள், விற்றபின் ஒத்துப்பார்.

இன்னொரு வேலை. நீங்கள் குடியிருக்கும் வீட்டை வெளிச்சுவர் வழியாகச் சுற்றி அளந்து, படம் போட்டு அனுப்பு. பேஸ்மென்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டுப் பரப்பில் சேராது, தனியாகத்தான் எழுத வேண்டுமாமே, அப்படியே எழுது. சிவப்புப் பேனா எடுத்து வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளையைச் சைபர் முனையைப் பிடிக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா
ஈரோடு