'நிறைவேறியது' என்றால் அமலுக்கு வந்துவிட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2020 செப்டம்பரில் தொழிலாளர் மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வாரம், எங்கள் தெருவிலிருந்து முந்திரி ஆலைக்குப் போகும் அக்கா ஒருவர் பேப்பரோடு வீட்டுக்கு வந்தார். "டீச்சர், சட்டம் வந்தாச்சுல்லா, இனி எங்களுக்கு என்னெல்லாம் கிடைக்கும்?" என்றார். இரண்டு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால் மசோதா சட்டமாகும் என்று பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவள் நான். அதையே அவரிடமும் சொன்னேன்.

ஒப்புதல் அந்த மாதமே கிடைத்தது. ஆனால் ஓரிரு பிரிவுகள் தவிர, அந்தச் சட்டங்கள் அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 21-இல்தான். 2019-லேயே ஒப்புதல் பெற்ற ஊதியச் சட்டத்தொகுப்புக்கும் அதே கதிதான். 'மத்திய அரசு அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்' என்று முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரிக்காக ஐந்து ஆண்டுகள்! அத்தனை காலமும் அந்த அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாள் குறிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று குமரிக்காரர்களுக்குத் தெரியும். திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று போராடி, 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர் கொடுத்த மண் இது. மாநில மறுசீரமைப்புச் சட்டத்துக்கு 1956 ஆகஸ்ட் 31-இல் ஒப்புதல் கிடைத்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது நவம்பர் 1-இல். அந்த நாளைச் சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். அதனால் யாரும் யாரிடமும் போய்க் கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை.

சட்டமன்ற மசோதாக்கள் ஆளுநரிடம் காத்திருப்பது தனிக்கதை. அவருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்று 2025 நவம்பர் 20-இல் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்ததைப் படித்து வருந்தினேன்.

உங்களிடம் கேட்பது இதுதான். 'மசோதா நிறைவேறியது' என்று கொட்டை எழுத்தில் போடும்போது, அடியில் ஒரு வரி சேருங்கள்: ஒரு அவையா, இரண்டுமா? ஒப்புதல் கிடைத்ததா? அரசிதழில் வந்ததா? எந்த நாள் முதல் அமல்? நாள் குறிக்கப்படவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். அறிவிக்கை வெளியாகும் நாளில் அந்தச் செய்திக்கும் முதல் பக்கத்தில் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.