ஏரிக்கரை எருக்குக்காக ஒரு விண்ணப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூங்காக்களில் வண்ணத்துப்பூச்சித் தோட்டங்கள் அமைக்கப்படவிருப்பதாகத் தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்தியைப் படித்தேன். வரவேற்க வேண்டிய முயற்சிதான். ஆனால் அதைப் படித்த அதே வாரத்தில், எங்கள் ஊர் ஏரியின் மேற்குக் கரையிலும் அதை ஒட்டிச் செல்லும் மண்சாலையின் இருபுறத்திலும் 'புதர் அகற்றும் பணி' என்ற பெயரில் களைக்கொல்லி தெளித்தார்கள். பத்து நாள் கழித்து, கருகி நின்றவற்றைப் பொக்லைன் வைத்து வேரோடு பெயர்த்துப் போட்டார்கள். அப்படிப் போனவற்றில் பெரும்பகுதி எருக்கு. ஒருபுறம் வண்ணத்துப்பூச்சிக்குத் தோட்டம் போடுவதும் மறுபுறம் அதன் புழுவுக்கான தீனியை அழிப்பதும் எப்படி ஒத்துப்போகும் என்று உரியவர்கள் சற்று யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் 32 ஆண்டுகள் நில அளவராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ஓடைப் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, வண்டிப்பாதை, சுடுகாடு என்று யாரும் உழாத நிலங்களில் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடந்ததே என் பணிக்காலத்தின் பாதி. எல்லைக்கல் கிடைக்காமல் திண்டாடும்போதெல்லாம் உடன் வரும் தலையாரி ஒருவர், "கல்லைத் தேடாதீங்க சார், எருக்கஞ்செடியைத் தேடுங்க" என்பார். கல்லை ஒட்டி ஏர் போகாது, ஆடு எருக்கைக் கடிக்காது. ஆகவே கல் இருக்கும் இடத்தில் எருக்கு நிற்கும் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு பொய்த்தது மிகக் குறைவு.

யாரும் வளர்க்காமல் தானே வளர்வதாலோ என்னவோ, நம்மிடம் அதற்கு மதிப்பும் இல்லை. ஒருவர் குடும்பம் பாழாக வேண்டும் என்று சபிக்க, 'உன் வீட்டில் எருக்கு முளைக்க' என்பதைவிடக் கொடிய சொல் கிராமத்தில் கிடையாது. சங்க காலத்திலும் இதன் நிலை ஏறக்குறைய இதுதான். புறநானூற்றின் 106ஆம் பாட்டில் கபிலர் பாரியின் கொடையைப் பற்றிச் சொல்லும்போது, நல்லது என்றும் தீயது என்றும் சொல்ல முடியாத எருக்கம்பூவை ஒருவன் கொண்டுவந்து சூட்டினாலும் கடவுள் அதை வேண்டாம் என்று தள்ளுவதில்லை என்கிறார். காதல் கைகூடாத ஆண்மகன் மடலேறும்போது, அதாவது பனைமடலால் செய்த குதிரையில் ஊரறிய ஏறி வரும்போது, தலையில் சூடிக்கொள்வதும் இந்த எருக்கங்கண்ணியைத்தான். ஊரார் சிரிக்கட்டும் என்று துணிந்தவன் சூடும் பூ அது.

ஆனால் ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் எருக்கைத் தேடி நாம் அலைகிறோம். பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தைய நாள் மாலையில் டவுனிலிருந்து பைக்கில் வருபவர்கள், "இங்க எங்கேயாவது எருக்கம்பூ இருக்குமா, ஐயா?" என்று என்னிடமே பலமுறை கேட்டிருக்கிறார்கள். பறித்து, கோத்து, விடியற்காலையில் கடைத்தெருவுக்குக் கொண்டுபோய் விற்கும் பெண்களுக்கு அந்த ஒரு நாள் வருமானம் சிறிதன்று. பறிப்பது முழுவதும் புறம்போக்கில்தான். ரதசப்தமியன்று ஏழு எருக்க இலைகளைத் தலையிலும் தோளிலும் வைத்து நீராடுகிறோம். சூரியனார்கோயிலில் தல விருட்சமே எருக்கு. அதற்கு அருகிலுள்ள திருமங்கலக்குடியில் எருக்க இலையில் தயிர்சாதம் உண்டு நவக்கிரகங்கள் நோய் நீங்கின என்பது தல வரலாறு. வெள்ளெருக்கு வேரில் பிள்ளையார் செதுக்குவதும், அதன் நாரைத் திரித்துக் குழந்தைக்கு அரைஞாண் கட்டுவதும், அதே நாரில் விளக்குத் திரி போடுவதும் இன்னும் ஒழிந்துவிடவில்லை.

வீட்டு வைத்தியத்தில் இதன் இடம் எனக்கு நேரில் தெரியும். வெயிலில் நடந்து நடந்து எனக்குக் குதிகால் வலி வந்தபோது என் தாயார் செங்கல்லை அடுப்பில் சுடவைத்து, அதன்மேல் பழுத்த எருக்க இலைகளை இரண்டு மூன்று அடுக்கி, சூடு பொறுக்கும் பக்குவம் வந்ததும் குதிகாலை அழுத்தி வைக்கச் சொல்வார். இலை வதங்கி ஒருவகைப் பச்சை வாடை எழும். மூன்று நாள் தொடர்ந்து செய்தால் காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது கால் ஊன்ற முடியும். காலில் முள் ஒடிந்து உள்ளே தங்கிவிட்டால் அந்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டு எருக்கம்பாலை வைத்து மறுநாள் முள்ளை நெம்பி எடுப்பார்கள். உழவர்கள் நடவுக்கு முன் வயலில் எருக்கந்தழையைப் போட்டுச் சேற்றோடு மிதித்தார்கள்; இயற்கை உழவு செய்கிறவர்கள் ஆடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வடியும் இலை என்று பார்த்துப் பறித்து ஊறவைக்கும் பூச்சிவிரட்டியில் எருக்கு தவறாமல் இடம்பெறுகிறது. தண்டின் பட்டையிலிருந்து எடுக்கும் நார் மிக வலுவானது. முற்காலத்தில் தூண்டில் கயிற்றுக்கும் வில்லின் நாணுக்கும் பயன்பட்டது. சிறுவர்களுக்கோ, பெட்டி போன்ற மொக்கை விரலால் அமுக்கி வெடிக்க வைப்பதும், காய் வெடித்துப் பறக்கும் பஞ்சை 'தாத்தா பூச்சி' என்று துரத்துவதும் போதும்.

இத்தனையும் சொல்லிவிட்டு அதன் நஞ்சைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். உள்ளே போனால் இதயத்தைத் தாக்கும். நம் மாநிலத்தின் சில பகுதிகளில் பிறந்த பெண் குழந்தைகளைக் கொல்லக் கள்ளிப்பாலோடு எருக்கம்பாலும் பயன்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததே அந்தக் கொடுமையின் காரணமாகத்தான். செடியின் மேல் உள்ள வெறுப்புக்கு இந்த நினைவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இந்த நஞ்சை நம்பித்தான் ஒரு உயிரினம் வாழ்கிறது.

அதுதான் வெந்தய வரியன். வெந்தய நிறச் சிறகு, நுனியில் கருப்பு, அதன் நடுவே வெள்ளைப் பட்டை என்று எல்லா ஊர்களிலும் காணக்கூடிய வண்ணத்துப்பூச்சி. தாய்ப்பூச்சி தளிர் இலையின் அடிப்பக்கத்தில் ஒரு இடத்தில் ஒரு முட்டை என்று வைத்துவிட்டுப் போகும். வெளிவரும் புழுவின் உடம்பு முழுவதும் கருப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வளையங்கள். முதுகில் மூன்று இணை கருங்கொம்புகள். ஒருநாள் காலை ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்று நான் பார்த்தது இது: விரல்நீளப் புழு ஒன்று உடனே இலையைத் தின்னத் தொடங்கவில்லை. முதலில் இலைக்குப் பால் வரும் நரம்பைக் காம்பருகே கடித்தது. பால் பொங்கிச் சொட்டியது. புழு தலையைத் தூக்கி, வாயை இலையில் துடைத்து, சற்று விலகி நின்றது. வடிதல் நின்றதும் நரம்புக்கு அப்பால் உள்ள பகுதியை விளிம்பிலிருந்து அரிக்க ஆரம்பித்தது. அணையில் மதகை அடைத்துவிட்டு வயலில் இறங்குவது போன்ற வேலை அது. அப்படியும் உடம்புக்குள் செல்லும் நஞ்சு அதன் உயிரைப் பறிப்பதில்லை; புழுவிலிருந்து பூச்சி வரை உடம்பிலேயே தங்கி, கொத்த வரும் பறவையைக் குமட்ட வைக்கிறது. ஒருமுறை தின்று வாந்தியெடுத்த பறவை அந்த நிறத்தை மறப்பதில்லை. இந்தப் பாதுகாப்பைப் பார்த்து, நஞ்சே இல்லாத வேறொரு இனத்தின் பெண்பூச்சி வெந்தய வரியனைப் போலவே வேடம் போட்டுக்கொண்டு திரிகிறது.

எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த மற்றச் செடிகொடிகளும் இப்படியே. வேலியில் படரும் உத்தாமணியை, அதாவது வேலிப்பருத்தியை, வெந்தய வரியனின் புழு தின்னும். கொடிப்பாலையை நம்பி நீல வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி வாழ்கிறது. வெண்புள்ளிக் கருப்பன் என்ற இன்னொன்றின் புழுவை நன்னாரியிலும் அரளியிலும் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழையை ஒட்டிச் சமவெளியிலிருந்தும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்தும் கருநீல வரியன், நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகியவை கூட்டங்கூட்டமாக மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிப் பறப்பதும், தென்மேற்குப் பருவமழை அங்கே வலுக்கும் முன் ஏப்ரல் முதல் ஜூன் வரையான மாதங்களில் திரும்பி வருவதும் ஆண்டுதோறும் நடக்கும் செய்தி. எங்களுக்குப் பச்சைமலை பக்கம் என்பதால் ஐப்பசியில் மேற்கே போகும் கூட்டத்தை வாசலில் நின்றே பார்த்துவிடலாம். வட அமெரிக்காவின் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் மெக்சிகோ மலைக்குப் போவது பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. அதன் சொந்தங்கள் நம் தலைக்குமேல் போவதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. வழியில் இந்தப் பூச்சிகளின் ஆண்கள் தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை ஆகிய செடிகளை மொய்த்து அவற்றின் சாற்றை உறிஞ்சுகின்றன. பெண்பூச்சியைக் கவரும் மணத்தை அந்தச் சாற்றிலிருந்துதான் தயாரித்துக்கொள்கின்றன. இவையும் புதர்க் கணக்கில் போகும் செடிகளே.

அறியாமையின் விலை என்ன என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். 2020ஆம் ஆண்டு மே மாதம், வட மாநிலங்களில் பாலைவன வெட்டுக்கிளிப் படையெடுப்பு என்று நாடே பதறிக்கொண்டிருந்தபோது, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நேரலகிரி என்ற ஊரில் எருக்கஞ்செடிகளில் வெட்டுக்கிளிகள் மொய்த்திருப்பதைக் கண்டு மக்கள் அஞ்சினார்கள். அதிகாரிகள் போய்ப் பார்த்து, இது பாலைவன வெட்டுக்கிளி அன்று, உள்ளூர் வெட்டுக்கிளி என்று விளக்க வேண்டியிருந்தது. மஞ்சளும் நீலப்பச்சையுமாக எருக்கிலேயே வாழும் வெட்டுக்கிளி நமக்குப் புதிதா என்ன? என் தலைமுறையில் அதைக் கையில் பிடித்து விளையாடாத சிறுவன் இல்லை.

இனி வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துக்கு வருகிறேன். பூச்செடிகள் நட்டால் பூச்சி வரும் என்பது உண்மை; தேன் குடித்துவிட்டுப் போகும் என்பதும் உண்மை. ஆனால் அது முட்டையிட வேண்டுமானால் அதன் புழு தின்னும் இலை அங்கே இருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் புழுவுக்கான செடிகளையும் சேர்த்தே வளர்க்கிறார்கள். சிறிய பூங்காக்களுக்கு மதிப்பீடு போடும்போது இது மறந்துபோகிறது: விளையாட்டு இடத்திலிருந்து தள்ளி, பிள்ளைகள் கைக்கு எட்டாத வேலியோரத்தில் நான்கு எருக்கும், கம்பி வேலியில் உத்தாமணியும் விட்டால் போதும். நாற்றுக்குச் செலவில்லை, தண்ணீரும் ஊற்ற வேண்டியதில்லை.

எருக்கை எங்கும் வளரவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வளைவுகளில் எதிரே வரும் வண்டி தெரியாமல் மறைக்கும் புதரை வெட்டத்தான் வேண்டும். மதகையும் கலிங்கையும் அடைக்கும் செடிகளை எடுக்கத்தான் வேண்டும். சீமைக்கருவேலத்தையும் பார்த்தீனியத்தையும் அகற்றுவதை யார் தடுப்பார்கள்? என் கோரிக்கை பணி ஆணையின் வாசகத்தைப் பற்றியது. 'புதர்' என்ற ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் பொக்லைன் ஓட்டுநருக்கு எருக்கும் சீமைக்கருவேலமும் ஒன்றுதான். எந்தச் செடியை அகற்ற வேண்டும் என்று பெயர் சொல்லி ஆணையில் எழுதட்டும். மேலும், நீர்நிலைக் கரையில் களைக்கொல்லி தெளிப்பதை முற்றிலும் நிறுத்த வேண்டும். அந்த மருந்து மழையில் கழுவி ஏரிக்குத்தானே போகிறது. எருக்கு இடைஞ்சலாக இருக்கும் இடத்தில் முழங்கால் உயரத்தில் அரிவாளால் வெட்டினால் போதும், வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். தளிர் இலையைத்தான் வெந்தய வரியன் முட்டையிட விரும்பும் என்பதால் ஒருவகையில் அது நல்லதும்கூட. நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். கரையில் ஒருபுறம் வெட்டிய ஆண்டில் மறுபுறத்தை விட்டுவைத்தால் பூச்சிக்கும் இடம் இருக்கும், சதுர்த்திக்குப் பூப்பறிக்கும் பெண்களுக்கும் பிழைப்பு இருக்கும்.

மருந்து தெளித்த ஐந்தாம் நாள் நான் கரைப்பக்கம் போனேன். இலைகள் மஞ்சளடித்துச் சுருண்டு தொங்கின. மொட்டைத் தண்டுகளில் புழுக்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. சில மண்சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போக முயன்று டிராக்டர் சக்கரத்தில் நசுங்கிக் கிடந்தன. எதிர்ப்புறத்திலும் மருந்து அடித்திருந்தார்கள்.

கரையின் தென்கோடியில் எல்லைக்கல் ஒன்று இருக்கிறது. கல் பெயர்ந்துவிடும் என்று அதன் அருகில் பொக்லைனை விடவில்லை. ஆகவே கல்லுக்குப் பின்னால் ஒரு எருக்கு தப்பியிருக்கிறது. இன்று காலை அதில் ஏழு புழுக்களையும், இலைக்கடியில் தொங்கும் பச்சை நிறக் கூட்டுப்புழு ஒன்றையும் எண்ணினேன். இதே பணியின் இரண்டாம் கட்டமாகக் கிழக்குக் கரையிலும் மருந்து தெளிக்கும் வேலை பொங்கலுக்குப் பிறகு தொடங்கும் என்று சொல்கிறார்கள். அங்கே எருக்கும் உத்தாமணியும் இன்னும் அப்படியே நிற்கின்றன. அதற்கு முன்பாக இக்கடிதம் தங்கள் நாளிதழில் வெளிவந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்,
பெரம்பலூர் மாவட்டம்.