மேமியோ போய் வந்தேன், மாப்பிள்ளை

ரங்கூன்
6.1.2019

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரமே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை, நான் ஊரில் இல்லை. மாண்டலேக்கு மேலே மலையில் இருக்கிற மேமியோ போயிருந்தேன். ஆமாம், நானேதான். போன வருஷம் இதே லீவுக்கு எல்லாரும் கிளம்பியபோது, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்று சொல்லித் தங்கிவிட்டு, நாலு நாள் ரேடியோவோடு பேசிக்கொண்டிருந்தேனே, அதே ஆள்தான்.

இந்தத் தடவையும் அதே பாட்டைத்தான் பாடினேன். பேத்தி, "தாத்தா வரலன்னா நானும் வரல" என்று தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஏழு வயசுப் பிள்ளையின் உண்ணாவிரதம். வெள்ளைக்காரனே தாக்குப்பிடிக்காத ஆயுதம், நான் எம்மாத்திரம்?

மாண்டலே வரைக்கும் 385 மைல், ரயிலில் பதினைந்து மணி நேரம். நம் ரயில் எப்படித் தூக்கிப் போடும் என்பது உனக்கு மறந்திருக்காது. நான் பயந்தது ஆட்டத்துக்கு இல்லை, கக்கூசுக்கு. நீ சென்னையில் கூட்டிப்போய்ப் போட்டுவிட்ட ஜெய்ப்பூர் பொய்க்காலில் குந்தி உட்காரலாம், சம்மணமும் போடலாம். அதற்கென்றே 1968 வாக்கில் ஜெய்ப்பூரில் ரப்பரில் செய்து பார்த்தார்களாம். வெள்ளைக்காரன் கால் பூட்ஸுக்குப் பொருந்தும், கோவில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவனுக்கு என்ன செய்வது என்று யோசித்த புண்ணியவான்கள்! ஆனால் குதிக்கிற ரயிலில் குந்துவது வேறு சங்கதி. அதனால் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். முதல் நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீரை நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பெகு தாண்டியதும் தலை சுற்ற ஆரம்பித்தது. என் வீட்டுக்காரி, உன் தங்கச்சி, சும்மா இருப்பாளா? பாட்டில் திறக்காமலே கிடப்பதைப் பார்த்துவிட்டாள். "சர்க்கரைக்காரர் தண்ணி குடிக்காமக் கெடந்தா என்ன ஆகும்னு ஒரு காலைக் குடுத்தப்புறமுமா தெரியல?" என்று பெட்டிக்கே கேட்கும்படி பிடித்துக்கொண்டாள். பக்கத்துச் சீட்டில் இருந்த சாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகன் ஒன்றுமே பேசவில்லை. தவுங்கூவில் ரயில் நின்றதும் எழுந்து, "வாங்கப்பா, நிக்கிற வண்டியில போய்ட்டு வந்துடலாம்" என்றான், அவ்வளவுதான். பியின்மனா, தாசி என்று நின்ற இடத்திலெல்லாம் அதே. டிக்கெட் எடுக்கும்போதே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் கதவுக்குப் பக்கத்தில் சீட்டும் வாங்கியிருப்பான்.

தங்கிய இடத்தில் படியே இல்லை என்று அங்கிருந்தவர் போனில் சொல்லியிருந்தார். பதினொரு படி. அந்த மனுஷன் படி என்று எதைத்தான் நினைத்தாரோ! மருமகன் உடனே குனிந்து முதுகைக் காட்டினான். நல்ல பிள்ளை, ஆனால் எனக்குச் சுருக்கென்றது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது பொய்க்கால் முன்னே என்று சொல்லிக்கொடுத்தபடியே ஏறினேன். பேத்தி ஒவ்வொரு படியையும் பர்மியில் எண்ணினாள்.

மேமியோ குளிர் உனக்குத் தெரியாது. நீ 1964-ல் கப்பலேறும்வரை நாம் இரண்டு பேரும் ரங்கூன் புழுக்கத்தைத் தாண்டிப் போனதில்லை. மூவாயிரத்து ஐந்நூறு அடி உயரம். காலையில் வாயைத் திறந்தால் புகை வருகிறது. என் கால் படுத்திய பாட்டைக் கேள். ரயிலில் இரவெல்லாம் தொங்கப் போட்டதில் வெட்டியது போக மிச்சமிருக்கிற கால் வீங்கி, பொய்க்காலின் சாக்கெட்டுக்குள் நுழையமாட்டேன் என்றது. அரை மணி நேரம் உயர்த்தி வைத்துத்தான் வழிக்குக் கொண்டுவந்தேன். ஒரு நாள் நடந்ததும் சுருங்கிப்போய் லொடலொடவென்று ஆடியது. உள்ளே இன்னொரு சாக்ஸ் ஏற்றினால் சரியாகிவிடும், ஆனால் அதை நடுத்தெருவில் உட்கார்ந்துதான் செய்யவேண்டும். நல்லவேளை, லுங்கி இருக்கிறது. பேன்ட் போட்டவன் என்ன செய்வானோ!

கரி அடுப்பைச் சுற்றி எல்லாரும் காலை நீட்டினால் எனக்கு மட்டும் அனுமதி கிடையாது. இருக்கிற காலிலும் உணர்ச்சி குறைவு, சுட்டாலும் தெரியாது. உன் தங்கச்சி இரண்டு சாக்ஸ் போட்டுத் தள்ளி உட்கார வைத்துவிட்டாள். ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலில் கீறல், கொப்புளம் பார்ப்பது பேத்தியின் உத்தியோகம். "இன்னைக்கு ஒண்ணும் இல்ல, தாத்தா பாஸ்" என்பாள். இல்லாத கட்டைவிரல் குளிரில் வலித்ததை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. எந்தக் கண்ணாடியில் காட்டுவது?

இரண்டாம் நாள் தாவரத் தோட்டத்துக்குப் போனோம். ஏரிக்கரையில் நல்ல பெஞ்சாகப் பார்த்து என்னை உட்கார வைத்து, பக்கத்தில் ஆறு பைகளையும் வைத்தார்கள். "நீங்க உக்காருங்கப்பா, சுத்திட்டு வந்துடுறோம்." இரண்டு மணி நேரம். அன்னப் பறவைகளுக்கே என்னைப் பார்த்துச் சலித்துவிட்டது. யாரும் மனசறிந்து செய்ததில்லை. கோபப்படுவதற்கு ஆள் கிடைக்காத வருத்தம் இருக்கிறதே, அது லேசில் செரிக்காது, மாப்பிள்ளை.

அன்று ராத்திரி சொல்லிவிட்டேன்: நாளைச் சாப்பாடு என் பொறுப்பு, ஒருத்தரும் சமையலறைப் பக்கம் வரக்கூடாது. மறுநாள் காலை மகனோடு சந்தைக்குப் போய் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், புளி, வறுத்த கடலை மாவு எல்லாம் வாங்கினேன். குதிரை வண்டியின் படி இடுப்பு உயரம். வண்டிக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மரப்பெட்டியை எடுத்துக் கீழே போட்டார். எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ!

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வெங்காயம் நறுக்குவது, பூண்டெண்ணெய் காய்ச்சுவது, புளி கரைப்பது எல்லாமே உட்கார்ந்து செய்கிற வேலை. நீங்கள் அத்தோ என்று பெயர் வைத்துப் பர்மா பஜாரில் விற்பதைத்தான் சொல்கிறேன். அது கையால் பிசைகிற பண்டம், கரண்டி பட்டால் ருசி போய்விடும். முழங்கைவரை எண்ணெயாகப் பிசைந்து, பத்துப் பேருக்குப் போட்டேன். சம்பந்தி மூன்று தடவை வாங்கினார். "காரம் தூக்கல்" என்று உன் தங்கச்சி குறை சொன்னாள். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. மூன்று வருஷமாக என்னை ஒருத்தரும் குறை சொன்னதே இல்லை.

அங்கே ஒரு புத்தர் இருக்கிறார். 1997-ல் சீனாவுக்கு லாரியில் கொண்டுபோகும்போது வழியில் விழுந்துவிட்டார். எத்தனை முயன்றும் தூக்க முடியவில்லையாம். சரி, இங்கேயே இருக்க விரும்புகிறார் என்று கோவில் கட்டிவிட்டார்கள். காலையில் பளிங்குத் தரை ஐஸ் மாதிரி. எல்லாரும் வெறுங்காலோடு தத்தித் தத்தி நடக்க, எனக்குப் பாதிக் குளிர்தான். ரப்பருக்கு ஏது குளிர்?

கடைசியில் கோக்தேக் பாலம். 1900 வாக்கில் அமெரிக்கக் கம்பெனி கட்டியது. நீளம் 2,260 அடி, ஆழம் முந்நூறு அடிக்கு மேல். பாலத்தில் ஏறியதும் ரயில் ஆமை மாதிரி ஊர்கிறது, இரும்பு முனகுகிறது. ஊரெல்லாம் தாவித் திரிந்த சம்பந்தி சீட்டைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஜன்னல் வழியே எட்டிக் கீழே பார்த்துக்கொண்டு வந்தேன். "பயமா இல்லையா மாமா?" என்று கேட்டான் மருமகன். தினமும் கட்டிலைவிட்டு இறங்கும்போதே விழுவதைப் பற்றி யோசித்து முடித்துவிடுகிறேன், தனியாக இன்னொரு பயம் எதற்கு என்றேன்.

இப்போது உன் விஷயம். வருகிற பொங்கலுக்கு மகன் வீட்டுக்குப் பெங்களூர் போகப்போவதில்லை, கூட்டத்தில் ஒன்றும் கேட்பதில்லை, காது மிஷின் போட்டால் தட்டுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது, பொம்மை மாதிரி சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அந்தச் சிரிப்பு, நான் தண்ணீர் குடிக்காமல் இருந்தேனே, அதே ஜாதி. போ. போய் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற மாதிரி உட்கார். சாப்பிடும்போது டிவியை அணைக்கச் சொல். பேரனிடம், என் முகத்தைப் பார்த்துப் பேசடா என்று சொல். கேட்காததற்குத் தலையாட்டாதே, திருப்பிச் சொல்லச் சொல். உன் வீட்டுத் தங்கச்சியிடமும் இதைப் படித்துக் காட்டு, நீ மறைத்துவிடுவாய்.

எனக்கு அந்த உள்சாக்ஸ் ஆறு வேண்டும். மூன்று மெல்லியது, மூன்று தடித்தது, பருத்தியாகப் பார்த்து வாங்கு. ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்பு. பணத்தைப் பற்றி எழுதினால் அடுத்த கடிதம் வராது.

இப்படிக்கு,
உன் மச்சான்

பேத்தி ஒரு படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறாள். குதிரை வண்டி, பாலம், நான். எனக்கு மூன்று கால் போட்டிருக்கிறாள். கேட்டால், ஒன்று ஸ்பேராம்.