வேலிக்குள் ஒரு வளை

அன்புள்ள சேகர்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் ஆறு மாதம் கடத்திவிட்டேன், பொறுத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். மூர்த்தியின் மகள் திருமணத்துக்கு நான் வர முடியாமற்போனதை நீதான் அவனிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

சென்ற வாரம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில உட்பகுதியிலுள்ள சார்லவில்லில் பில்பி என்ற சிறு விலங்கைப் பார்த்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து வேறெதிலும் மனம் ஒட்டவில்லை. முயற்காது, கூர்மூக்கு, சாம்பல் நிறப் பட்டு மயிர், நுனி வெளுத்த கறுப்பு வால். வெள்ளையர் இதை முயற்காதுப் பெருச்சாளி என்றே அழைத்தார்கள். உடனே நம் விடுதிச் சமையலறைக் கதையை எடுத்துவிடாதே! இது கங்காருவைப் போல வயிற்றில் பையுள்ள விலங்கு. அந்தப் பையின் வாய் பின்பக்கமாக இருப்பதால், தாய் வளை தோண்டும்போது வாரித் தள்ளும் மண் குட்டியின்மேல் விழுவதில்லை. அது மங்கலான ஒளியில் மணலுக்குள் மூக்கைப் புதைத்துத் தோண்டியபோதும், காதுகள் மட்டும் தனியே திரும்பித் திரும்பி ஒலி தேடிக்கொண்டிருந்தன.

ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஆழத்துக்குச் சுருண்டு இறங்கும் வளையில் பகல் வெப்பத்தைக் கழித்து, இரவில் வெளிவந்து, கிழங்கிலும் கறையானிலும் புழுவிலும் உள்ள ஈரத்தைக் கொண்டே தண்ணீர் குடிக்காமல் வாழ்ந்துவிடும் உயிர் இது. ஒரே பில்பிக்குப் பத்துப் பன்னிரண்டு வளைகள் இருக்கும். பல்லியும் பாம்பும் அவற்றில் ஒண்டிக்கொள்கின்றன. இரைக்காக அது பறித்த குழிகளில் சருகும் விதையும் மழைநீரும் சேர்ந்து செடி முளைக்கிறது.

பாலையின் வறட்சிக்கெல்லாம் ஈடுகொடுத்த இந்த உயிரை, வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட நரியும் பூனையும் துடைத்து எடுத்துவிட்டன என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை. கண்டத்தின் 70 விழுக்காட்டில் உலவியது, இன்று 20 விழுக்காட்டுக்கும் குறைவான நிலத்தில் ஒடுங்கிவிட்டது. அதன் உடன்பிறப்பான சிறிய பில்பியோ அடியோடு போய்விட்டது. 1967இல் ஒரு கழுகுக் கூட்டின் கீழே கண்டெடுத்த மண்டையோடுதான் அதன் கடைசித் தடயம்.

பீட்டர் மெக்ரே, பிராங்க் மாந்தி என்ற இருவர் பொதுமக்களிடம் நிதி திரட்டி, கறவின்யா தேசியப் பூங்காவில் 25 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு வேலியிட்டார்கள். 2005இல் பில்பிகளை உள்ளே விட்டார்கள். பின்னர் வெள்ளத்தில் கம்பி துருப்பிடித்து, அந்த ஓட்டை வழியே பூனைகள் புகுந்துவிட்டன, சேகர். வேலியைச் செப்பனிட்டு, பூனைகளைப் பிடித்து அகற்றி, 2019இல்தான் மறுபடியும் பில்பிகளை விட முடிந்தது. இப்போதெல்லாம் இங்கே பெருமழை என்று செய்தி வந்தால் எனக்கு அந்தக் கம்பிதான் நினைவுக்கு வருகிறது.

வருவதாக எழுதியிருந்தாயே, ஜூலையில் வா, வெயில் தணிந்திருக்கும். சார்லவில்லுக்கு நானே உன்னைக் காரில் அழைத்துப்போகிறேன்.

என்றும் அன்புடன்,
ரகு