அந்தப் பையனின் கத்தரி

கோபிசெட்டிபாளையம்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. பேசினால் பாதியில் நின்றுபோகும். இன்றைக்குச் செவ்வாய், நம் சலூனுக்கு லீவு. அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். உங்கள் விடுதியில் முதல் வருடப் பையன் ஒருவன். அவன் அப்பா ஊரில் சலூன் வைத்திருக்கிறார். பக்கத்து அறைப் பையனுக்கு மறுநாள் மேடையில் பேச வேண்டிய வேலை, தலையோ காடு மாதிரி கிடக்கிறது, வெளியே கடை எல்லாம் சாத்திவிட்டார்கள். இவன் பெட்டியைத் திறந்து கத்தரியும் சீப்பும் எடுத்து நன்றாக வெட்டிவிட்டிருக்கிறான். அடுத்த வாரம் நாலு பேர் அவன் அறை வாசலில் நின்றார்கள். அதற்கு அடுத்த வாரம் அவனுடைய பேரே போய்விட்டது, 'சவரம்' ஆகிவிட்டான். சாப்பாட்டு வரிசையிலும் அதுதான், மைதானத்திலும் அதுதான். மூன்று மாதமாக அவன் கத்தரியை வெளியே எடுக்கவில்லை. இந்த மாதிரிப் பேர்களுக்குத் தடை போட வேண்டும் என்று நீ கமிட்டியில் சொல்கிறாய். பசங்க விளையாட்டில் தலையிட்டால் இன்னும் கூடும், சட்டம் போட்டு வாயைத் திருத்த முடியாது என்று அங்கே மூத்தவர் ஒருவர் சொல்கிறார். நீங்க என்னங்கப்பா சொல்றீங்க என்று கேட்டாய்.

போடு. தடை போடத்தான் வேண்டும்.

ஏன் என்று சொல்வதற்கு உன் விஷயத்தையே எடுக்க வேண்டியிருக்கிறது. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, ஏழாம் வகுப்பில் ஒரு படிவம் கொண்டுவந்தாய். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதியிருந்தாய். நான் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்கு முந்தின மாதம்தான், பள்ளிக்கூட வாசலுக்கு வர வேண்டாம், முக்கிலேயே நில்லுங்கப்பா என்று சொல்லியிருந்தாய். அங்கே உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். உன் வகுப்புப் பையன்கள் என் நாற்காலியில்தானே உட்காருவார்கள். கழுத்தில் துணி கட்டியிருக்கும்போதே ஒருத்தன், கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டு, காத்திருந்த இன்னொருத்தனிடம் அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்தான். என் கையில் கத்தி இருந்தது. கிருதாவை ஒழுங்காக எடுத்து, பவுடர் போட்டு, காசு வாங்கிக்கொண்டு அனுப்பினேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டும். போகவில்லை. என்ன சொல்லிக் கேட்பது? என் மகளை நாசுவன் மகள் என்கிறார்கள் என்று சொன்னால், நீங்கள் அந்தத் தொழில்தானே செய்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? இந்தப் பேர்களில் இருக்கிற சூழ்ச்சி இதுதான் கண்ணு. பொய் சொல்லி அவமானப்படுத்தினால் பொய் என்று மறுக்கலாம். உள்ளதைச் சொல்லியே அவமானப்படுத்துகிறவனிடம் எதை மறுப்பது? கோபப்பட்டால், உண்மையைச் சொன்னால் ஏன் கோபம் வருகிறது என்பார்கள்.

பெற்றோர் தொழிலைச் சொல்லி யாரையும் கேலி செய்யக் கூடாது என்று ஒரே ஒரு வரி அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்தால் நான் போயிருப்பேன். அந்த வரியைக் காட்டி, இதை மீறிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லியிருப்பேன். எங்களுக்கு வலிக்கிறது, இன்ன காரணத்தால் வலிக்கிறது என்று ஒரு மேசைக்கு முன்னால் நின்று விளக்க வேண்டி வந்திருக்காது. வாய் திருந்துமா என்று உங்கள் மூத்தவர் கேட்கிறார். வாய் திருந்துகிறதோ இல்லையோ, அந்தப் பையன் தன் வலியை யாருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை என்றாவது ஆகும். எனக்கு அது போதும்.

ஆனால் வாய் திருந்தாது என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொரோனா ஊரடங்குக்காக 2020 மார்ச் கடைசியில் அடைத்த கடையை மே மாதம்தான் திறந்தோம். அந்த நாட்களில் எனக்கு எத்தனை போன் வந்தது என்று அம்மாவைக் கேள். இருபது வருடம் என்னை 'டேய்' என்று கூப்பிட்டவர்கூட, "எப்பங்கண்ணா திறப்பீங்க?" என்று கேட்டார். வேண்டும் என்றால் வாய் ஒரே வாரத்தில் திருந்துகிறது.

என் அப்பா, உன் அப்பாரு காலத்தைப் பற்றி உனக்கு நான் அதிகம் சொன்னதில்லை. கொங்குநாட்டுக் கிராமங்களில் நம் தொழில்காரருக்குக் குடிமகன் என்று பேர். கல்யாணத்தில் மணமக்கள் முன்னால் நின்று மங்கல வாழ்த்துச் சொல்கிறவர் குடிமகன்தான். கம்பர் பாடிக் கொடுத்தது என்று சொல்வார்கள். அப்பாரு அதை ஆரம்பித்தால் பந்தலில் பேச்சு நின்றுவிடும், அப்படி ஒரு கணீர்க் குரல். மறுநாள் காலையில் அதே வீட்டு வாசலில், கத்தியும் கத்தரியும் வைத்த அடப்பப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, திண்ணைக்குக் கீழே நிற்பார். எட்டு வயதுப் பையன் ஒருத்தன் வெளியே வந்து, "டேய், அப்பா வரச் சொன்னாங்க, வாடா" என்பான். அப்பாருக்கு அப்போது அறுபது வயது. "வந்துட்டனுங் சாமி" என்று போவார். கூலி என்று கையில் காசு கிடையாது, அறுவடையின்போது களத்தில் அளந்து போடுகிற தானியம்தான். ஆத்தா மருத்துவச்சி. அந்த ஊரில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். வலி எடுத்து, பிள்ளை தலை தெரிகிற வரைக்கும் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு 'ஆத்தா, ஆத்தா' என்பார்கள். தீட்டுக் கழிந்தபிறகு தெருவில் பார்த்தால் 'ஏ நாசுவத்தி'.

இன்றைக்கு இந்த நாட்டில் எல்லோரும் இந்தியக் குடிமகன்தான். அதே சொல்தான் அன்றைக்கு அப்பாருவைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தியது. அதனால் விதி எழுதும்போது இன்னின்ன சொல் கூடாது என்று பட்டியல் போட்டு ஒட்டாதே. 2023-ல் ஆந்திர அரசு நாவிதர்களை இழிவாக அழைக்கிற சில சொற்களுக்குத் தடை போட்டு அரசாணை கொண்டுவந்தது, மீறினால் வழக்கு என்று. அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் 'மங்கலி' என்கிற பழைய பேரும் இருந்தது. மங்கலத்தோடு ஒட்டிய பேர் அது. நல்ல பேரை வசவாக்க வாய்க்கு எவ்வளவு நேரம் ஆகும்? நமக்கு மருத்துவர், பண்டிதர் என்றெல்லாம் பேர் உண்டு. இதெல்லாம் சும்மா வைத்துக்கொண்டதும் இல்லை. புண்ணுக்கு மருந்து கட்டியதும் கட்டியைக் கீறிவிட்டதும் பிரசவம் பார்த்ததும் நம் ஆட்கள்தான். லண்டனிலேயே 1540-ல் நாவிதரையும் அறுவை வைத்தியரையும் ஒரே சங்கமாக இணைத்தார்கள், 1745-ல்தான் பிரிந்தார்கள். இருந்தாலும் 'என்னங்க பண்டிதரே' என்று உதட்டைக் கோணிக்கொண்டு கூப்பிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீ 'சவரம்' கூடாது என்று எழுதினால் அவர்கள் நாளைக்கே 'பிளேடு' என்பார்கள், அதற்கு மறுநாள் 'டாக்டர்' என்பார்கள்.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. 2009-ல் ஷாருக்கான் தயாரித்த ஒரு இந்திப் படத்துக்கு 'பில்லு பார்பர்' என்று பேர் வைத்தார்கள். சலூன்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வெளியாகிற சமயத்தில் வெறும் 'பில்லு' என்று மாற்றி, போஸ்டர்களில் அந்த இன்னொரு சொல்லை மறைத்துவிட்டார்கள். எதிர்த்தவர்கள் என்னென்ன பட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் தொழிலின் பேரையே மறைத்துவிட்டார்கள் என்றதும், நீ எழுதிய அந்த 'வியாபாரம்'தான் எனக்கு ஞாபகம் வந்தது. எங்கப்பா முடிவெட்டுகிறவர் என்று அந்தப் பையன் உங்கள் விடுதியில் சத்தமாகச் சொல்ல முடிய வேண்டும். உன் தடை அதற்காக இருக்க வேண்டும். அந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது என்று ஆகிவிட்டால் அவன் இன்னும் தனியாகிப் போவான்.

பசங்களுக்குள் பட்டப்பேரே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடையில் நாள் முழுக்கக் கேட்கிறேனே, சோடாபுட்டி, ஒட்டடைக்குச்சி என்று ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கொண்டு தோள்மேல் கை போட்டுத்தான் வருகிறார்கள். அது அவனோடு போகிற பேர். ஒல்லியாக இருப்பவன் நாளைக்குச் சதை வைப்பான். தொழிலை வைத்துச் சொல்கிற பேர் அவன் அப்பா வரைக்கும், அவர் அப்பா வரைக்கும் பின்னால் போகிறது. அவனுக்குப் பிறக்கப்போகிற பிள்ளையையும் அது விடாது.

இதோடு இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவன் ஆகிவிடுவேன். அப்பாரு ஊரில் காலனிக்காரர்களுக்கு முடி வெட்டியதில்லை. வெட்டினால் ஊர் நம்மைத் தள்ளிவைத்துவிடும் என்ற பயம் ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். நம் வீட்டு வாசலிலும் துணி வெளுக்கிறவரை, செருப்புத் தைக்கிறவரை நல்ல பேர் சொல்லிப் பேசவில்லை. நானும் அந்தப் பேர்களைச் சொல்லி வளர்ந்தவன்தான். டவுனுக்கு வந்து கடை போட்டபிறகு ஒருநாள், நம் ஊர்க் காலனியிலிருந்து ஒரு பெரியவர் வந்து வாசற்படியிலேயே நின்றார். நாற்காலி காலியாக இருந்தது. "உக்காரலாங்களா?" என்று கேட்டார். அப்பாரு 'சாமி' என்று சொல்லும்போது இருக்கிற அதே குரல். என்னிடம் ஒருத்தர் அந்தக் குரலில் பேசுவார் என்று நான் நினைத்ததே இல்லை. உட்காருங்க என்று சொல்லிவிட்டு அவர் கழுத்தில் துணியைக் கட்டும்போது என் கை சரியாக நிற்கவில்லை. இன்றைக்கும் சில கிராமங்களில் அவர்களுக்கு வெட்ட மாட்டோம் என்கிற கடைகள் இருக்கின்றன. அதனால் உன் விதி நம் பையனுக்காக மட்டும் இருக்கக் கூடாது. துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று சொல்ல வேண்டும் என 2020-ல் அரசு அறிவித்தது. நல்ல காரியம். அவர் மகன் உங்கள் விடுதியில் சேர்ந்தால் அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதையும் சேர்த்து யோசி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உண்டு. நாம் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம், நமக்கு அது இல்லை. ஒவ்வொருத்தர் நிலைமை ஒவ்வொரு மாதிரி. உன் ஒரு வரி எல்லோருக்கும் பொருந்த வேண்டும்.

தமிழ்நாட்டில் ராகிங்குக்கு 1997-லிருந்தே தடைச் சட்டம் இருக்கிறது, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009 விதிகளில் வாயால் கேலி செய்வதும் ராகிங்தான் என்று நீயே சொன்னாய். அப்புறம் எதற்குக் கமிட்டியில் தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

தண்டனையில் மட்டும் நிதானமாக இரு. முதல் தடவைக்கே எவனையாவது வீட்டுக்கு அனுப்பினால், இவனால்தான் அவன் படிப்புப் போச்சு என்று அந்தப் பழியும் இவன் தலையில்தான் விழும். முதலில் தனியாகக் கூப்பிட்டுப் பேசு. நீங்களாகக் காதில் கேட்டதற்கு நீங்களாக நடவடிக்கை எடுங்கள், அவன் வந்து புகார் எழுதிக் கொடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். எல்லோரையும் கூட்டி வைத்து முடிவெட்டும் தொழிலின் பெருமையைப் பற்றி யாரையும் பேசவும் விடாதே. இருநூறு பேர் திரும்பி அவனைப் பார்ப்பார்கள்.

விதியை மாணவர்களுக்கு மட்டும் வைத்துவிடாதே. போன வாரம் ஒருத்தர் முகத்தில் பாதி நுரையோடு போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். "இவ்வளவு நேரம் என்னத்தைச் சிரைச்சுக்கிட்டு இருந்தே?" என்கிறார். நான் அவர் தாடையைப் பிடித்துச் சிரைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை, சொல்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. உங்கள் வாத்தியார்களும் வார்டன்களும் வகுப்பிலும் வராந்தாவிலும் இதைச் சொல்கிறார்களா இல்லையா? அங்கிருந்து ஆரம்பி.

அப்புறம், அந்தப் பையனிடம் பேசும்போது விதியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதே. கத்தரி எப்படி இருக்கிறது என்று கேள். மூன்று மாதம் பெட்டியில் கிடந்தால் திருகுப் பக்கம் ஒட்டியிருக்கிற முடித்தூளில் ஈரம் ஏறித் துருப்பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, திருகில் இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு, நாலைந்து தடவை திறந்து மூடச் சொல். முனை மழுங்கியிருந்தால் உன்னிடம் கொடுத்தனுப்பச் சொல். நான் சாணை பிடித்து வைக்கிறேன், அடுத்த முறை நீ வந்துவிட்டுப் போகும்போது எடுத்துப் போகலாம்.

அன்புடன்,
அப்பா