வண்டி மாறினால் மறுபடி கட்டணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தலைநகரங்களில் புதிய மெட்ரோ தடம் திறந்தால் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ரயிலை விட்டு இறங்கியவர் அப்புறம் எப்படி வீடு போய்ச் சேருகிறார் என்று கேட்பதில்லை. பல ஊர்களில் பேருந்தில் ஏறியதும் முதலிலிருந்து கட்டணம். வாடகை கட்டுப்படியாகாமல் நகரின் விளிம்புக்குப் போனவர்கள்தான் இரண்டு மூன்று வண்டி மாறுகிறார்கள். கையில் காசு குறைந்தவரே அதிகம் கட்டுகிறார். இது அநியாயம்.

சிங்கப்பூரில் 2010 முதல், பேருந்திலிருந்து ரயிலுக்கு மாறினாலும் மொத்தத் தூரத்துக்குத்தான் கட்டணம். லண்டனில் 2016 முதல், ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்துக்கு மாறினால் கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அங்கேயும் சுரங்க ரயிலுக்குத் தனிக் கட்டணம்தான். அந்தக் குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, கட்டணம் குறைந்தாலும் நேரம் பொருந்த வேண்டாமா? கடைசி ரயில் வருவதற்குள் கடைசிப் பேருந்து கிளம்பிவிட்டால், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வருபவர் என்ன செய்வார்? ரயில் தாமதமானால் சில நிமிடம் காத்திருக்கும்படி ஓட்டுநருக்குத் தகவல் போக வேண்டும். ரயிலையும் பேருந்தையும் தனித்தனி நிர்வாகங்கள் நடத்தினாலும், கால அட்டவணையைச் சேர்ந்து உட்கார்ந்து போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்